பாளையங்கோட்டையில் பிடி-எல்1 பரிசோதனை: எதற்காகச் செய்யலாம், எதற்காகச் செய்யக் கூடாது

சினைப்பைப் புற்றுநோய்க் கட்டியின் திசுவில் பிடி-எல்1 என்னும் புரதம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனைக்காகச் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ அலைய வேண்டிய கட்டாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இப்போது இல்லை. பாளையங்கோட்டையில் மாதிரி சேகரிப்பு மையம் வைத்திருக்கும் ஒரு தனியார் ஆய்வகம், திசுவை இங்கேயே பெற்றுக்கொண்டு, வெளியூரில் இருக்கும் தன் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை இங்கேயே தருகிறது. என் மதினிக்காகக் கடந்த தை மாதம் அந்தச் சேவையைப் பயன்படுத்தினோம். ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் செய்த வேலையில் நல்லதும் இருந்தது, எங்களை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்த பிழையும் இருந்தது. இரண்டையும் சொல்வதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். மருத்துவர் அல்ல. ஆனால் இரண்டு ஆண்டுகளாக மதினியின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசல்களில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில், இந்தப் பரிசோதனையைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் எனக்கு நேரம் நிறையவே கிடைத்தது.

மதினிக்கு வயது 61. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். வயிறு உப்பிக்கொண்டே போனதை வாயுக்கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணீரும் பெருங்காயமுமாகச் சில மாதங்களைக் கழித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் நீர் கோத்திருந்தது. இரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு, வழக்கமாக எல்லையாகக் கொள்ளப்படும் 35-ஐத் தாண்டி நான்கு இலக்கத்தில் நின்றது. நோய் மூன்றாம் நிலையில் இருந்தது. இந்த நோய் பெரும்பாலான பெண்களிடம் இப்படி முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்று பின்னால் அறிந்துகொண்டோம். சினைப்பைப் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படும், வேகமாக வளரும் உயர்தர சீரஸ் வகைதான் மதினிக்கும் வந்தது. முதலில் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு மருந்துகளும் சேர்ந்த கீமோ மூன்று சுற்று, பிறகு அறுவைச் சிகிச்சை, பிறகு மீண்டும் மூன்று சுற்று. கடைசிச் சுற்று முடிந்து ஐந்தாவது மாதம் நோய் திரும்பியது. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் அதைப் பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாத நோய் என்று வகைப்படுத்துகிறார்கள். அந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் ஒரு சீட்டில் பிடி-எல்1 என்று எழுதிக் கொடுத்து, சிபிஎஸ் மதிப்பெண்ணோடு, அதாவது பிடி-எல்1 எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் எண்ணோடு, முடிவு வேண்டும் என்று குறித்தார்.

அவர் அதை எழுதியதற்குக் காரணம் தெளிவானது. 2025இல் ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் வெளியான கீநோட்-பி96 என்ற ஆய்வில், பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாமல் திரும்பிய நோய்க்கு வாராந்திரப் பாக்லிடாக்சலோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, சிபிஎஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்த பெண்களின் ஆயுள் கூடியிருந்தது. நடுப்புள்ளிக் கணக்கில், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலத்தின்படி, 14.0 மாதம் 18.2 மாதமாக ஆனது. நான்கு மாதம் என்பது சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். பேத்திக்கு ஆனி மாதம் கல்யாணம் நிச்சயம் செய்திருக்கும் வீட்டில் அது சிறிதாகத் தோன்றாது. அந்த மருந்து மதினிக்குப் பொருந்துமா, அவ்வளவு செலவுக்குத் துணியலாமா என்று முடிவெடுக்கத்தான் மருத்துவர் இந்த எண்ணைக் கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சேகரிப்பு மையத்தில் எங்களுக்கு விற்கப்பட்டது வேறொன்று. மையம் ஹைகிரவுண்டு பகுதியில், மருந்துக் கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. இந்தப் பரிசோதனைக்கு நோயாளி நேரில் வர வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தால், வயிற்றில் நீர் கோத்த ஒருவரை அந்தப் படிகளில் கைத்தாங்கலாக ஏற்றியிருக்க மாட்டோம். பயாப்சியிலும் அறுவைச் சிகிச்சையிலும் எடுத்த திசு மெழுகில் பதிக்கப்பட்டு மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் இருக்கும். அந்த மெழுகுக் கட்டியை, அதாவது எல்லோரும் பிளாக் என்று சொல்வதை, எழுத்து மூலம் கேட்டு வாங்கி வந்து கொடுத்தால் போதும். இரத்தம்கூட எடுக்கத் தேவையில்லை.

முன்மேசையில் இருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார், மதினிக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். அதை மறக்கவில்லை. ஆனால் சீட்டைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் விளக்கம், "இது பேஷண்டுக்கு நோய் எப்படிப் போகும், எவ்வளவு காலம் தாங்கும்னு காட்டுற டெஸ்ட் அம்மா" என்பதாக இருந்தது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. கையில் கொடுத்த மடிப்புத் தாளிலும் ஏறக்குறைய அதே பொருளில்தான் அச்சடித்திருந்தது. பிடி-எல்1 மட்டும் போதாது, லேக்-3, டிம்-3 என்ற வேறு இரண்டு புரதங்களையும் சேர்த்துத் தொகுப்பாக எடுத்தால் படம் முழுதாகத் தெரியும் என்றும் சொன்னார். தொகுப்பின் விலை தனிப் பரிசோதனையின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அண்ணன் உடனே பணத்தை எடுத்துவிட்டார். அவரை நிறுத்தி, சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் செய்யச் சொன்னேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்ல, இந்தப் புரதங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் இரத்தத்தில் உள்ள டி செல்கள் வேற்றுச் செல்களையும் கெட்டுப்போன செல்களையும் தேடி அழிக்கின்றன. அவை எல்லை மீறிச் சொந்த உடலையே தாக்கிவிடாதபடி அவற்றின் மேற்பரப்பில் சில தடுப்புப் புரதங்கள் இருக்கின்றன. பிடி-1 அவற்றில் ஒன்று. 1992இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் குழு அதைக் கண்டுபிடித்தது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடுப்புப் புரதத்தைப் பற்றி அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் ஆராய்ந்தார். இந்தத் தடுப்பை நீக்கினால் டி செல்கள் புற்றுநோயைத் தாக்கும் என்று காட்டியதற்காக 2018இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1 பூட்டு என்றால் பிடி-எல்1 அதில் பொருந்தும் சாவி. புற்றுநோய்ச் செல்லோ அதன் அருகில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல்லோ இந்தச் சாவியை நீட்டினால், வந்த டி செல் வேலையை நிறுத்திவிடுகிறது. பெம்ப்ரோலிசுமாப் இந்தச் சாவி பொருந்தாதபடி பூட்டை மறைக்கும் மருந்து. இவற்றை ஆங்கிலத்தில் செக்பாயிண்ட் என்கிறார்கள். புளியரைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேட்டவுடன் எவருக்கும் தோன்றுவது, பிடி-எல்1 கூடுதலாக இருந்தால் நோயெதிர்ப்பு முடங்கியிருக்கிறது, ஆகவே நோய் மோசமாகப் போகும் என்பதுதான். முதலில் ஆய்வாளர்களும் அப்படித்தான் கண்டார்கள். 2007இல் கியோத்தோவிலிருந்து வெளியான, 70 நோயாளிகளின் திசுவை வைத்துச் செய்த ஆய்வில், சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் பிடி-எல்1 அதிகமாக இருந்தவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. கட்டிக்குள் நுழைந்த, கெட்ட செல்களை நேரடியாகக் கொல்லும் சிடி8 வகை டி செல்களும் அவர்களிடம் குறைவாக இருந்தன. ஆனால் 2016இல் கனடாவில் உயர்தர சீரஸ் வகையைத் தனியாக எடுத்துப் பார்த்தவர்கள் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். பிடி-எல்1 இருந்த கட்டிகளில் டி செல்களும் நிறைய இருந்தன, அந்தப் பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். புரதம் பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்களில் இல்லாமல் அவற்றைச் சுற்றியிருந்த மேக்ரோபேஜ்களில் இருந்தது.

இந்த முரண்பாட்டை நான் எனக்கே புரியவைத்துக்கொண்டது தாமிரபரணியை வைத்துத்தான். கன்னடியன் கால்வாயில் மதகுப் பலகை இறக்கியிருப்பதைப் பார்க்கும் வெளியூர்க்காரர், தண்ணீர் வரவில்லை, வயல் காயப்போகிறது என்று நினைப்பார். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்ததால்தான் பலகையை இறக்கியிருக்கிறார்கள் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீரே இல்லாத கோடையில் பலகை மேலே தூக்கியபடியே கிடக்கும். அதனால் வயலுக்கு ஒரு பயனும் இல்லை. பிடி-எல்1 அந்தப் பலகையைப் போன்றது. டி செல்கள் கட்டிக்குள் வந்து தாக்கும்போது இன்டர்பெரான் காமா என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது பட்டவுடன் சுற்றியிருக்கும் செல்கள் பிடி-எல்1-ஐ உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. ஆகவே ஒரு கட்டியில் பிடி-எல்1 தெரிகிறது என்றால் அங்கே தடை இருக்கிறது என்பதும் உண்மை, தடை போட வேண்டிய அளவுக்குப் படை வந்திருக்கிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். பலகையை மட்டும் பார்த்து வெள்ளாமையைச் சொல்ல முடியாது. ஆற்றையும் பார்க்க வேண்டும்.

ஆற்றைப் பார்த்தவர்கள் சொன்னது மிகத் தெளிவாக இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் 186 பேரின் முற்றிய சினைப்பைக் கட்டிகளை ஆராய்ந்தபோது, கட்டிக்குள் டி செல்கள் இருந்தவர்களில் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 38 சதவீதம், இல்லாதவர்களில் 4.5 சதவீதம். 2017இல் பல நாடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் திசுவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், உயர்தர சீரஸ் வகையில் சிடி8 செல் எதுவும் இல்லாதவர்களின் நடுப்புள்ளி ஆயுள் 2.8 ஆண்டு, நிறைய இருந்தவர்களுக்கு 5.1 ஆண்டு. இவ்வளவு உறுதியான தொடர்பு டி செல்களுக்கு இருக்கிறது. பிடி-எல்1-க்கு அப்படி இல்லை. அந்தப் புரதத்தில் போய் ஒட்டும் எதிர்பொருளை வைத்துத் திசுவில் சாயமேற்றித்தான் அதைப் பார்க்கிறார்கள். எந்த வகைப் புற்றுநோய், எந்தச் செல்லில் சாயம் ஏறியது, எந்த எதிர்பொருளை வைத்துச் சாயமேற்றினார்கள், கீமோவுக்கு முன் எடுத்த திசுவா பின் எடுத்ததா என்பதைப் பொறுத்து முடிவு மாறிக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் எண்ணை ஒரு தனி மனுஷியின் ஆயுளோடு கட்டிப்போடுவது தவறு.

நோய் எப்படிப் போகும் என்பதைக் காட்டும் குறியீடு ஒன்று, ஒரு குறிப்பிட்ட மருந்து வேலை செய்யுமா என்பதைக் காட்டும் குறியீடு மற்றொன்று. மருத்துவர் கேட்டது இரண்டாவதை. மையத்தில் விற்றது முதலாவதை. பரிசோதனை ஒன்றுதான், சாயம் ஒன்றுதான், ஆனால் கேள்வி மாறினால் விடையின் பொருளும் மாறிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கும்கூடச் சினைப்பைப் புற்றுநோயில் இந்த எண் எல்லா இடத்திலும் உதவியதாகச் சொல்ல முடியாது. 2019இல் வெளியான கீநோட்-100 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாபைத் தனியாகக் கொடுத்தபோது நூற்றில் எட்டுப் பேருக்குத்தான் கட்டி குறைந்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 1301 பேரிடம் அட்டிசோலிசுமாப் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு மருந்தைக் கீமோவோடும், கட்டிக்குப் புது இரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாபோடும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், பிடி-எல்1 இருந்தவர்களிடம்கூட நோய் கட்டுக்குள் இருந்த காலம் நம்பத்தக்க அளவில் கூடவில்லை. அதே வகையைச் சேர்ந்த அவெலுமாப் மருந்தின் ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. 2025இல்தான், அதுவும் பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாத நோயில், வாராந்திரக் கீமோவோடு சேர்த்தபோதுதான், ஒரு பலன் தெரிந்திருக்கிறது. ஆகவே இந்தப் பரிசோதனையை எப்போது செய்கிறோம் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

இனி எங்களுக்கு நடந்தது. ஏழு வேலை நாள் என்றார்கள். பதின்மூன்றாவது நாள் ரிப்போர்ட் வந்தது. இடையில் பொங்கல் விடுமுறை வந்ததால் அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தாமதத்தை அவர்களாகச் சொல்லவில்லை, நாங்கள் நான்கு முறை கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். வந்த ரிப்போர்ட் ஒரே பக்கம். சிபிஎஸ் 12, பாசிட்டிவ் என்று இருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், பிடி-எல்1 வெளிப்பாடு மோசமான நோய்ப்போக்கைக் குறிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. எந்த பிளாக், எந்த உறுப்பின் திசு, எந்த எதிர்பொருள், எத்தனை செல்களை எண்ணினார்கள் என்பது ஒன்றும் இல்லை.

அது அண்ணனின் வாட்ஸ்அப்புக்குத்தான் முதலில் வந்தது. அவர் மருமகனிடம் காட்டினார், மருமகன் படித்துச் சொன்னார், சாயங்காலத்துக்குள் வீடு முழுவதும் தெரிந்துவிட்டது. நான் போனபோது மதினி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "ஏட்டி, அந்தத் தாள்ல எனக்கு எத்தனை நாளுன்னு போட்டிருக்காமே, உண்மையா?"

"இல்ல மைனி, அப்படி ஒண்ணும் போடல. மருந்து கேக்குமான்னு பாக்கத்தான் அது" என்றேன்.

"அப்பம் எதுக்கு உங்கண்ணன் அழுதாவ?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓர் ஆய்வகத்தின் கணினியில் வேறு ஏதோ புற்றுநோய்க்காக எழுதி வைத்திருந்த வரி, யாரும் படித்துப் பார்க்காமல் இந்த ரிப்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு, கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து அடுப்பெரியாமல் செய்துவிட்டது. மருத்துவரிடம் போக அடுத்த தேதி ஒரு வாரம் கழித்துத்தான். அந்த ஒரு வாரமும் அந்த வரி எங்களோடு இருந்தது.

மறுநாள் நான் தலைமை ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ரிப்போர்ட்டில் இல்லாத விவரங்களைக் கேட்டேன்; உயர்தர சீரஸ் வகைச் சினைப்பைப் புற்றுநோயில் பிடி-எல்1 மோசமான நோய்ப்போக்கைக் குறிக்கிறது என்பதற்கு எதை ஆதாரமாகக் கொண்டீர்கள் என்றும் கேட்டேன். இரண்டாம் நாள் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட நோய்க்குறியியல் மருத்துவரே தொலைபேசியில் அழைத்தார். இந்த மதிப்பீட்டில் நான் மனமாரப் பாராட்டுவது இவரைத்தான். தட்டிக்கழிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, உங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கவில்லை. அந்த வரி ரிப்போர்ட் வார்ப்பிலிருந்து வந்தது, அங்கே இருந்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். இருபது நிமிடம் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் நாள் திருத்திய ரிப்போர்ட் வந்தது.

திருத்திய ரிப்போர்ட் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. ஒமென்டம் என்ற வயிற்றுக் கொழுப்பு மடிப்பிலிருந்து எடுத்த திசு என்றும், மூன்று சுற்றுக் கீமோவுக்குப் பிறகு நடந்த அறுவைச் சிகிச்சையில் எடுத்தது என்றும் பிளாக் எண்ணோடு எழுதியிருந்தது. இது சின்ன விவரம் அல்ல. கீமோ கொடுத்த பிறகு கட்டிக்குள் டி செல்களும் பிடி-எல்1-உம் கூடலாம், சினைப்பையில் இருக்கும் கட்டியும் ஒமென்டத்தில் இருக்கும் கட்டியும் ஒரே மாதிரிச் சாயம் ஏறாமலும் போகலாம். 22சி3 என்ற எதிர்பொருளால் சாயமேற்றியது குறிப்பிடப்பட்டிருந்தது. பெம்ப்ரோலிசுமாப் ஆய்வுகளில் பயன்படுத்தியது அதுதான். எஸ்பி142 என்ற இன்னொரு எதிர்பொருள் புற்றுநோய்ச் செல்களில் அதைவிடக் குறைவாகவே சாயமேற்றுவதாக ஒப்பீடுகளில் தெரிந்திருக்கிறது, ஆகவே எதிர்பொருளின் பெயர் இல்லாத எண்ணை வைத்து மருந்து முடிவு செய்ய முடியாது. ஒப்பிட்டுச் சரிபார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுத் திசுவில் சாயம் சரியாக ஏறியது, எண்ணுவதற்குக் குறைந்தது தேவைப்படும் 100 உயிருள்ள புற்றுநோய்ச் செல்களுக்கு மேல் இருந்தன, சாயமேறியவற்றில் பெரும்பான்மை மேக்ரோபேஜ்கள் என்ற மூன்றும் இருந்தன.

சிபிஎஸ் என்பதை அந்த மருத்துவர் விளக்கிய விதத்திலேயே இங்கே எழுதுகிறேன். சாயமேறிய புற்றுநோய்ச் செல்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுநோய்ச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். மேலே கூட்டும்போது எதிர்ப்புச் செல்களும் சேர்கின்றன, கீழே வகுக்கும்போது புற்றுநோய்ச் செல்கள் மட்டும்தான். ஆகவே அது சதவீதம் அல்ல. சிபிஎஸ் 12 என்றால் உடம்பில் பன்னிரண்டு பங்கு நோய் இருக்கிறது என்றோ, நூற்றில் பன்னிரண்டு செல் கெட்டுவிட்டது என்றோ பொருள் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தார்கள். நூறுக்கு மேல் கணக்கு வந்தாலும் 100 என்றுதான் எழுதுவார்கள்.

ரிப்போர்ட்டின் கடைசியில் அந்தப் பழைய வரி நீக்கப்பட்டு, இந்த மதிப்பெண் சிகிச்சை முடிவுக்காக மருத்துவர் கேட்டதன் பேரில் தரப்படுகிறது, இதை மட்டும் கொண்டு நோயின் போக்கைக் கணிக்க முடியாது என்று சேர்க்கப்பட்டிருந்தது. முதல் நாளே இப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் இந்த மதிப்பீட்டைப் பாதியிலேயே முடித்திருப்பேன்.

தொகுப்பைப் பற்றி. லேக்-3, டிம்-3, டிஜிட் போன்ற தடுப்புப் புரதங்கள் ஆராய்ச்சியில் முக்கியமானவை என்பதில் சந்தேகமில்லை. லேக்-3-ஐத் தடுக்கும் ஒரு மருந்துக் கூட்டுக்கு 2022இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் சினைப்பைப் புற்றுநோயில் இவற்றின் அளவை வைத்து எந்த மருத்துவரும் இன்று சிகிச்சையை மாற்றுவதில்லை. எவ்வளவு இருந்தால் அதிகம், எவ்வளவு இருந்தால் குறைவு என்பதற்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட எல்லை இல்லை. ஆராய்ச்சிக்காக மருத்துவமனை தன் செலவில் பார்த்தால் திசுவைக் கொடுக்கலாம். நகையை அடகு வைத்துக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் அல்ல இவை. இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: ஒவ்வொரு சாயத்துக்கும் பிளாக்கிலிருந்து ஒரு மெல்லிய சீவல் வெட்டுகிறார்கள். பயாப்சியில் எடுத்த சிறு துண்டு என்றால் நாலைந்து வெட்டிலேயே திசு தீர்ந்துபோகக்கூடும். நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு பரிசோதனைக்குத் திசு மிஞ்சாது.

காத்திருந்த நேரத்தில், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு பேசினேன். அம்மாவுக்கு இதே நோய், முதல் சிகிச்சையே இப்போதுதான் நடக்கிறது, பிடி-எல்1 தொகுப்புக்குப் பணம் கட்டியிருந்தார்கள். பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குப் பிறப்பிலேயே பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் பழுது இருக்கிறது. அது தெரிந்தால் கீமோவுக்குப் பிறகு ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் பெரிய அளவில் பயன் தரலாம். 2018இல் வெளியான சோலோ-1 ஆய்வு அதை ஐயமில்லாமல் காட்டியது. அதோடு மகள்களும் உடன்பிறந்த சகோதரிகளும் தங்களைச் சோதித்துக்கொண்டு முன்கூட்டியே காத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. முதல்முறை நோய் கண்டவர் வீட்டில் கையில் இருக்கும் காசு ஒரு பரிசோதனைக்குத்தான் போதும் என்றால், அது பிஆர்சிஏவாக இருக்கட்டும். அதை அந்த மையத்தின் முன்மேசையில் யாரும் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அவர்களிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மதினிக்கு முதல் சிகிச்சையின்போதே அதைச் செய்துவிட்டோம். பழுது இல்லை என்று வந்தது.

விலையைப் பொறுத்தவரை தனிப் பரிசோதனைக்கு எங்களிடம் 9,500 ரூபாய் வாங்கினார்கள், ரசீது கொடுத்தார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுதும் பயணம் செய்து, சென்னையில் அறை எடுத்துத் தங்கி, பிளாக்கைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பும் செலவையும் அலைச்சலையும் நினைத்தால் இது நியாயமான தொகை. திருத்திய ரிப்போர்ட்டுக்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. காத்திருக்கும் அறை சுத்தமாக இருந்தது. கழிப்பறை மட்டும் மாடியின் மறுகோடியில் இருக்கிறது, அதற்குப் போக மூன்று படி இறங்க வேண்டும். புற்றுநோய் நோயாளிகள் வந்து போகும் இடத்தில் அது கவனிக்க வேண்டிய குறை.

மருத்துவர் திருத்திய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சிபிஎஸ் 12 என்பது மருந்துக்கு முயன்று பார்க்கலாம் என்பதற்குப் போதுமான எண் என்றார். பழைய ரிப்போர்ட்டில் இருந்த வரியை அண்ணன் காட்டியபோது, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் இட்டார். மருந்துக்கான செலவை எப்படிச் சமாளிப்பது, நிறுவனங்களின் உதவித் திட்டம் கிடைக்குமா, முதலமைச்சர் காப்பீட்டில் எவ்வளவு வரும் என்பதெல்லாம் இப்போது பேச்சில் இருக்கிறது. வாராந்திரப் பாக்லிடாக்சல் தொடங்கிவிட்டது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பரிசோதனைக்காக என்றால் இந்த ஆய்வகத்துக்கு மறுபடியும் போவேன். அங்கே அச்சடித்துக் கொடுக்கும் மடிப்புத் தாளை நம்பி ஒரு ரூபாயும் கட்ட மாட்டேன். போகிறவர்கள் பிளாக்கைக் கொடுக்கும்போதே அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; ரிப்போர்ட் நோயாளியின் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போகாமல், முதலில் மருத்துவருக்குப் போகும்படி விண்ணப்பத்தில் எழுதிக் கேளுங்கள், அதற்கு ஒரு கட்டம் படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது, யாரும் காட்டுவதில்லை. பரிசோதனை முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்குங்கள். எங்களுடையது மூன்று வாரம் கழித்து வந்தது. அதை மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் திருப்பி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, மதினியின் கோப்பில் வைத்திருக்கிறேன்.